8 அங்குல டாப்சோனியனை ஹேட்ச்பேக் காரில் மலைக்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி இதுதான்: “புதிதாக 8 அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப் வாங்கியிருக்கிறேன். வரும் அமாவாசைக்குச் சென்னையிலிருந்து ஜவ்வாது மலைப் பக்கம் கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன். கார் சாதாரண ஹேட்ச்பேக். கண்ணாடி உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தனிப்பெட்டி செய்ய வேண்டுமா? எப்படி வைத்துக் கட்டுவது?”

டாப்சோனியன் என்பது நீளமான டியூபும், அதைத் தாங்கும் பலகைப் பேஸும் கொண்ட கண்ணாடி டெலஸ்கோப். அதற்குப் பெட்டி வேண்டாம். ஒட்டுப்பலகையில் ஆளுயரப் பெட்டி அடித்து, அது காருக்குள் நுழையாமல் மாடியில் கிடப்பதுதான் வழக்கமாக நடப்பது. கண்ணாடி உடையும் என்ற பயமும் தேவையில்லை. டியூபின் அடியில் இருந்து ஒளியைக் குவிக்கும் முதன்மைக் கண்ணாடி கனமான வட்டு; ரோட்டுக் குலுக்கலில் அது உடைவது மிக அரிது. உண்மையில் கெடுபவை வேறு: திருகுகள் தளர்வது, டியூப் உருண்டு ஃபோகசர் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸைச் செருகும் குழாய்) வளைவது, வெயிலில் நிற்கும் காரின் சூடு, எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பி வரும்போது ஒட்டிக்கொண்டு வருகிற ஈரம். போகிற வழியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வருகிற வழிக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் டெலஸ்கோப்பைப் பாழாக்குவது பெரும்பாலும் அதுதான்.

முதலில் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். 203 மில்லிமீட்டர் (8 அங்குலம்) கண்ணாடி விட்டம், 1200 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள டாப்சோனியன்களின் டியூப் ஏறத்தாழ 115-லிருந்து 120 செ.மீ. நீளம் இருக்கும், வெளிவிட்டம் 23 செ.மீ. சொச்சம், எடை 9-லிருந்து 11 கிலோ. காரின் பின்சீட்டில் ஒரு கதவின் உள்பக்கத்திலிருந்து மறு கதவின் உள்பக்கம் வரை அளக்க வேண்டும். கைப்பிடி புடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அளக்க வேண்டும், சீட்டின் அகலத்தை அல்ல. டியூப் நீளத்தைவிட இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரல்கடை கூடுதலாக இருந்தால் போதும், அதுதான் அதற்குரிய இடம். மிகச் சிறிய கார்களில் இடிக்கும். அதற்கு வேறு வழி பின்னால் சொல்கிறேன்.

பின்சீட்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் இடம்தான் காரிலேயே குறைவாகத் தூக்கிப்போடும். டிக்கி பின் அச்சுக்கு மேலேயோ அதற்கும் பின்னாலேயோ இருப்பதால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அங்கே இருப்பது எகிறி விழும். அத்துடன் சீட்டின் ஸ்பாஞ்ச் நல்ல மெத்தை. அதன் சரிவும் பின்னோக்கி இருப்பதால் டியூப் தானாகவே சாய்மானத்தில் போய் ஒண்டிக்கொள்ளும்.

ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை. குறிபார்க்க உதவும் ஃபைண்டரைக் கழற்றித் தனியே வையுங்கள். ஐபீஸ் எதையும் ஃபோகசரில் விடாதீர்கள். ஃபோகசரை முழுக்க உள்ளே இறக்கி, பூட்டுத் திருகு இருந்தால் லேசாகப் பூட்டி, தூசி மூடியைப் போடுங்கள். டியூபின் வாய்மூடியும் கட்டாயம். சிலவற்றில் கண்ணாடிப் பக்கம் அடிமூடியும் உண்டு, இருந்தால் போடுங்கள். மூடி என்பது தூசிக்கு மட்டுமல்ல. வாய் திறந்த டியூபுக்குள் கார் ஜன்னல் வழியாக வெயில் விழுந்தால், அந்த வளைந்த கண்ணாடி அதைக் குவித்துச் சீட்டையே பொசுக்கிவிடும். பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிக்கிறோம் அல்லவா, இது எட்டு அங்குலம்.

அடுத்து கண்ணாடியின் பின்பக்கத் திருகுகள். கொலிமேஷனுக்கு, அதாவது கண்ணாடிகளை ஒரே நேராகச் சீரமைக்க, மூன்று திருகுகள் ஸ்பிரிங்கோடு இருக்கும்; கூடவே மூன்று பூட்டுத் திருகுகள். பூட்டுத் திருகுகளை விரலால் தொட்டுப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். ஸ்பேனர் பலம் வேண்டாம். இதனால் கொலிமேஷன் கொஞ்சம் நகரும், நகரட்டும்; போய்ச் சேர்ந்ததும் எப்படியும் சரிசெய்யத்தான் போகிறீர்கள். பூட்டாமல் விட்டால் வழியெல்லாம் அதிர்ந்து திருகுகள் தாமாகவே சுழன்று தளர்ந்துவிடும். கண்ணாடியின் முன்விளிம்பைப் பிடிக்கும் மூன்று சிறு கிளிப்புகளும் தளர்ந்திருக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அவற்றைக் கண்ணாடியோடு அழுத்தி இறுக்கக் கூடாது. கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். இறுக்கினால் கண்ணாடி நெளிந்து, நட்சத்திரம் முக்கோணமாகத் தெரியும். சிலர் இதைப் பயணத்தில் பட்ட அடி என்று நினைத்து மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

இப்போது சும்மாடு. தலையில் குடம் வைக்கச் சுருட்டுவோமே, அதேதான். இரண்டு பழைய போர்வைகளை நீளவாக்கில் சுருட்டி, சீட்டின் முன்விளிம்பை ஒட்டி ஒன்றும், டியூப் சாய்மானத்தைத் தொடும் இடத்தில் ஒன்றுமாக வைத்தால் டியூப் தொட்டிலில் போட்டதுபோல் கிடக்கும். யோகா மேட், இபிஇ ஃபோம் ஷீட் இரண்டும் நல்லவை. பிய்ந்த பஞ்சுத் தலையணையும் உதிர்கிற தெர்மோகோலும் வேண்டாம். அந்தத் துகள் எல்லாம் கண்ணாடியில்தான் போய் உட்காரும்.

டியூபைப் பேஸில் கிடைமட்டமாகப் படுக்க வைத்தால் எப்படி இருக்குமோ அதே கோலத்தில்தான் சீட்டிலும் வைக்க வேண்டும். டியூபைப் பேஸில் தாங்கும் பக்கவாட்டு உருளைகள் ஒன்று முன்சீட்டை நோக்கியும் மற்றது சாய்மானத்தை நோக்கியும் இருக்கும். அப்போது ஃபோகசர் மேல்பக்கமாக வந்துவிடும். உருளையின் மேல் டியூபின் முழு எடையும் நிற்கும்படி விட்டால் மெல்லிய தகடு அந்த இடத்தில் குழியும். ஃபோகசர் கீழே போனால் இன்னும் மோசம்: 10 கிலோவும் அதன் கழுத்தில். செங்குத்தாக நிற்க வைப்பதும் கூடாது. டியூபின் வாய்ப்பக்கம் இருந்து ஒளியை ஃபோகசருக்குத் திருப்பும் சிறு கண்ணாடி பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டது. அது என்றாவது விட்டுவிட்டால், செங்குத்து டியூபில் நேராக முதன்மைக் கண்ணாடியின் மேல்தான் விழும். படுத்த டியூபில் விழுந்தால் சேதம் அவ்வளவு இராது.

தனியாளாக ஏற்றுவதென்றால் இடது பின்கதவு வழியாக, வாய்ப்பக்கம் முதலில் உள்ளே போக, கண்ணாடி இருக்கும் கனப்பக்கம் உங்கள் கையில் கடைசிவரை இருக்கட்டும். இறக்கும்போது அதே கனப்பக்கம் முதலில் கைக்கு வரும். நீங்களும் ரோட்டுப் பக்கம் இல்லாமல் ஓரத்தில் நிற்பீர்கள். ஏற்றியானதும் இரண்டு பின்கதவுகளுக்கும் சைல்ட் லாக் போடுங்கள். டோல்கேட்டில் தண்ணீர் பாட்டில் எடுக்க யாராவது கதவை உள்ளிருந்து திறப்பது சாதாரணமாக நடக்கும்.

சீட்பெல்ட் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு ஓர சீட்டுகளின் பெல்ட்டையும் இழுத்து, டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டிவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். இக்காலத்துப் பெல்ட் சட்டென்று இழுத்தாலோ கார் சட்டென்று நின்றாலோதான் பூட்டும். மெதுவாக இழுத்தால் நீண்டுகொண்டே வரும். கொண்டைஊசி வளைவில் டியூப் மெல்ல நகர்வதை அது தடுக்காது. அதனால் பெல்ட் விபத்துக்கு, திணிப்பு நகர்வுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கால் வைக்கும் பள்ளத்தைத் துணிப்பை, ஸ்லீப்பிங் பேக், ஜமக்காளம் இவற்றால் சீட் மட்டத்துக்கு நிரப்புங்கள். பிரேக் போட்டாலும் டியூப் விழுவதற்குப் பள்ளம் இருக்காது. டியூபின் இரண்டு முனைகளுக்கும் கதவுகளுக்கும் நடுவே தலையணை செருகுங்கள். மலைப்பாதையின் பக்கவாட்டு விசை முழுதும் அந்தத் தலையணைகள் மேல்தான். முன்சீட்டுகளைப் பின்னே தள்ளி டியூபை நசுக்க வேண்டாம். லாரிக்காரர் கட்டுவதுபோல் ராட்செட் பெல்ட் போட்டு முறுக்கவும் வேண்டாம். டியூப் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இராது.

மோதல் விசை எவ்வளவு என்று ஒரு கணக்கு. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி 0.1 நொடியில் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் ஏறக்குறைய 14 மடங்கு விசையோடு முன்னே பாயும். 10 கிலோ டியூபுக்கு அது 140 கிலோ. டெலஸ்கோப்பைவிட முன்னால் உட்கார்ந்திருப்பவரின் பின்மண்டையை நினைத்துப் பெல்ட் போடுங்கள். ஈக்குவடோரியல் மவுண்ட் (வானம் சுழல்வதைப் பின்தொடரும் தாங்கி) வைத்திருக்கும் நண்பர் கூட வந்தால், அவருடைய 5 கிலோ எதிர்எடை வட்டுகள் முன்சீட்டுக்குப் பின்னால் தரையிலோ ஸ்டெப்னி குழியிலோ இருக்கட்டும். சீட்டின் மேலும் பின்கண்ணாடித் தட்டிலும் கூடவே கூடாது. அந்த மவுண்டின் கிளட்ச்சுகளைத் தளர்த்தி வைத்தால் அதிர்ச்சி பல்சக்கரத்தில் இறங்காது.

பேஸ்தான் உண்மையான தலைவலி. 50 செ.மீ. அகல வட்டம், 65-லிருந்து 70 செ.மீ. உயரம், டியூபுக்குச் சமமான எடை அல்லது அதற்கும் மேல். ஹேட்ச்பேக் டிக்கியில் மேல்தட்டைக் கழற்றிய பிறகும் பல கார்களில் கதவு மூடாது. ஒருவரே போகிறீர்கள் என்றால் முன்பக்க இடது சீட்டுதான் அதற்கு நல்ல இடம்: சீட்டை முழுக்கப் பின்னே தள்ளி, பேஸை உட்காரவைத்துப் பெல்ட் மாட்டுங்கள், பீப் சத்தமும் நிற்கும். இருவர் என்றால் பேஸை டிக்கியில் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பாருங்கள். மூவர் என்றால் இன்னொரு கார் பாருங்கள், மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடம் தராதீர்கள். இடம் போதவில்லை என்று ஒவ்வொரு பயணத்துக்கும் பேஸைப் பலகை பலகையாகக் கழற்றுவது நல்ல யோசனை அல்ல. அது மரத்தூள் பலகை. நாலைந்து முறை திருகு போய்வந்தால் ஓட்டை நைந்து பிடிப்பு போய்விடும், அதன்பின் ஒவ்வொரு காற்றுக்கும் வியாழன் ஐபீஸுக்குள் ஆட்டம் போடும்.

பின்சீட்டில் குறுக்கே கொள்ளாதவர்கள், சீட்டின் ஒரு பகுதியை மடக்கி டிக்கியிலிருந்து முன்சீட்டு முதுகுவரை நீளவாக்கில் வைக்கலாம். அப்படி வைத்தால் கண்ணாடி இருக்கும் அடிப்பக்கம் காரின் முன்பக்கம் பார்க்கட்டும். கண்ணாடியைத் தாங்குவது அதன் முதுகுப்புறத் தாங்கி. முன்பக்கக் கிளிப்புகள் கீழே விழாமல் பிடிப்பவை மட்டுமே. பிரேக் போடும்போது கண்ணாடி தாங்கியின் மேல் சாய வேண்டும், கிளிப்புகளின் மேல் அல்ல. கேரியரில் கட்டுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஐபீஸ்களுக்குச் சமையலறை டப்பா போதும்: நாலு பக்கமும் கிளிப் வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே குழி வெட்டிய ஃபோம், ஒரு 50 கிராம் சிலிக்கா ஜெல் பை. இரண்டு முனையிலும் மூடி போட்ட ஐபீஸ்கள் ஒன்றோடொன்று தொடக் கூடாது. கூடவே அலன் கீ செட், நட்சத்திரத் திருப்புளி, ஃபைண்டருக்கு மாற்று பட்டன் செல் (பெரும்பாலும் சிஆர்2032), சிவப்பு டார்ச். சிறு கண்ணாடியின் திருகுக்கு எந்த அளவு அலன் கீ என்பதை வீட்டிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். மலையில் இரவு ஏழு மணிக்கு அரை மில்லிமீட்டர் பெரிய கீ கையில் இருந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வழி. சென்னை, வேலூர், வாணியம்பாடி, ஆலங்காயம், அங்கிருந்து மலை. இருநூறு கிலோமீட்டருக்கு மேல், அதில் பெரும்பகுதி நெடுஞ்சாலை. நெடுஞ்சாலையில் டெலஸ்கோப்புக்கு ஆபத்து குறைவு. ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்துவதுதான் ஆபத்து. உச்சிவெயிலில் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் 55 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஃபோகசர் கிரீஸ் இளகி வழியலாம், சிறு கண்ணாடியின் பசை இளகலாம், லித்தியம் பவர்பேங்க் வீங்கலாம். நிழல் கிடைத்தால் மட்டும் நிறுத்துங்கள், இல்லையென்றால் பொட்டலம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். குழம்புப் பொட்டலம் பின்சீட்டுக்குப் போகக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புறப்பட்ட முதல் 50 கி.மீ.யில் ஒருமுறையும், மலை ஏறத் தொடங்கும் முன் ஒருமுறையும் இறங்கித் திணிப்பைத் தொட்டுப் பாருங்கள். போர்வை அமுங்கித்தான் இருக்கும். டயரில் காற்று கார்க்காரர்கள் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். வேகத்தடைகளில் முதல் கியர்.

கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் மண்பாதையாக இருந்தால் ஜன்னல்களை ஏற்றி, ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் விடுங்கள். நின்ற உடனே டிக்கியைத் திறக்காதீர்கள். பின்னால் துரத்திவந்த செம்மண் புழுதி அப்படியே உள்ளே வரும். இரண்டு நிமிடம் பொறுங்கள். வனத்துறைக் காட்டுக்குள் இரவு தங்க அனுமதி தேவை. உரிமையாளர் சம்மதத்தோடு ஒரு தனியார் தோட்டமே நிம்மதி. காவலூர்ப் பக்கம் போகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: அங்கே 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இலிருந்து வேலை செய்கிறது. அந்த இருட்டுக்காகத்தான் அவர்களும் அந்த மலைக்கு வந்தார்கள். ஹெட்லைட்டை எரியவிட்டுக்கொண்டு சாமான் இறக்காதீர்கள். அதற்காகவே வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேருங்கள்.

இறக்கும் வரிசை: முதலில் பேஸ், சமமான தரையில், பிறகு டியூப், மூடிகள் அப்படியே. சூரியன் மறையும் வரை வாய்மூடியைத் திறக்க வேண்டாம். டியூபைத் தூக்கும்போது உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டால், நிமிர்த்தாமல் படுக்கவைத்தே டார்ச் அடித்துப் பாருங்கள். ஏதோ ஒரு திருகு கழன்று கிடக்கிறது, நிமிர்த்தினால் அது கண்ணாடியில் உருளும். பிறகு பூட்டுத் திருகுகளைத் தளர்த்தி, பகல் வெளிச்சம் இருக்கும்போதே கொலிமேஷன்: முதலில் சிறு கண்ணாடி, அடுத்து முதன்மை. நட்சத்திரத்தை வைத்துச் சோதிக்கத் துருவ நட்சத்திரம் நல்லது, அது நகராது என்று வெளிநாட்டுக் கையேடுகளில் இருக்கும். நம் அட்சரேகையில் அது அடிவானத்திலிருந்து பன்னிரண்டரை டிகிரிதான். காற்றில் கொதித்துக்கொண்டிருக்கும், ஒன்றும் தெரியாது. தலைக்கு மேல் இருக்கும் நடுத்தர ஒளியுள்ள நட்சத்திரம் ஒன்றைப் பிடியுங்கள், அது நகர்ந்தால் தள்ளிக்கொள்ளலாம். காரின் சூட்டிலிருந்து வந்த கண்ணாடி மலைக்காற்றின் குளிருக்கு இறங்க ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை சனி சேற்றில் விழுந்ததுபோல் தெரிந்தால் டெலஸ்கோப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

இனித் திரும்புவது. விடியலுக்கு முன் டியூபும் ஃபைண்டரும் வானத்தை நோக்கித் தன் சூட்டை இழந்து, சுற்றுக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும். பனி சொட்டும். தூக்கக் கலக்கத்தில் அப்படியே மூடி போட்டுக் காரில் ஏற்றினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறீர்கள். மூன்று நான்கு வாரத்தில் ஐபீஸில் சிலந்திவலைபோல் பூஞ்சை தெரியும்; அது கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு, வெயில் வந்ததும் நிழலில், வாய்க்குள் வெயில் விழாதபடி வைத்து உலரவிடுங்கள். கண்ணாடியைத் துணியால் தொடாதீர்கள். வழியில் விழுந்த புழுதி அதன்மேல் இருக்கிறது, துடைத்தால் உப்புத்தாள்தான்.

இன்னொரு பொறி சென்னையில் காத்திருக்கிறது. ஏசி காரில் 22 டிகிரியில் வந்த கண்ணாடியை, 27 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் திறந்தால் உடனே வியர்க்கும். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரிக்குச் சற்று மேல். மலைமேல் மாலையில் இந்தச் சிக்கல் பெரிதாக வராது, கடற்கரை ஊரில்தான் வரும். கடைசி அரைமணி ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்து ஓட்டுங்கள், இல்லையென்றால் வீட்டுக்குள் கொண்டுவந்து இரண்டு மணி நேரம் எல்லா மூடியும் மூடியபடி விடுங்கள். பிறகு மூடிகளைக் கழற்றி, மின்விசிறி ஓடும் அறையில் ஒரு பகல் முழுதும் படுக்கவைத்து, மாலையில் மூடுங்கள். ஐபீஸ் டப்பாவில் நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் 110-லிருந்து 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் காயவைத்தால் மறுபடி நீலமாகும். அந்த நீலத்துக்குப் போடும் கோபால்ட் உப்பு நல்லதல்ல, சமையல் தட்டில் கொட்டாதீர்கள். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.